பெல்ட் இறுக்கம்: ஒரு கட்டைவிரலியல் ஆய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோவெனின், சூப்பர்சார்ஜர் பூட்டிய கார் எஞ்சினில் டிரைவ் பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. இத்துறையில் இதுவரை வந்த ஆய்வுகள் போதாதவை, பிழை மலிந்தவை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிறர் செய்தவை. எனவே இவ்வாய்வின் தேவை தானே விளங்கும்.

ஆய்வு எல்லை: 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ். ஏன் இந்தக் கார் என்று கேட்கலாம். இது ஆக்ஸ்போர்டில் உருவானது. ஆக்ஸ்போர்டு என்ற சொல் முதல் பக்கத்தில் வந்துவிட்டால் மீதிப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை என்பது ஆய்வுலகம் கண்ட உண்மை. எஞ்சின் என்னவோ பிரேசிலில், காம்போ லார்கோவில் செய்யப்பட்டது. முடிவுக்கு ஒத்துவராத சான்றாகையால் இதை இங்கே வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

முன்னோர் வரலாறு. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காற்றூதி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன் வழித்தோன்றல்தான் மினியில் உள்ள ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலக் காற்றைத் தள்ளுவதால் அந்தப் பெயர். 1929இல் வந்த 'புளோவர்' பென்ட்லியில் சூப்பர்சார்ஜர் முன்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. கிராங்க் ஷாஃப்டே அதை நேராகச் சுழற்றியது. பெல்ட்டே கிடையாது. பெல்ட் இல்லாத காருக்கும் பெல்ட் பற்றிய ஆய்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள், முனைவர் பட்ட ஆய்வேடு எதிலும் இரண்டாம் இயலைப் படித்ததில்லை என்று தெரிகிறது.

இனி, இறுக்கம் அறியும் நெறிகள் நால்வகைப்படும்.

கண் மரபினர் பார்த்தே சொல்வார்கள், தவறாகச் சொல்வார்கள்.

திருகு மரபினர் பெல்ட்டின் நீண்ட பகுதியைப் பிடித்துக் கால் சுற்று திருகிப் பார்ப்பவர்கள். அதற்கு மேல் திரும்பினால் தளர்வு என்பார்கள். எதற்கு மேல் இறுக்கம் என்று கேட்டால் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

செவி மரபினர் பெல்ட்டைச் சுண்டிவிட்டு அதிர்வைக் கேட்பவர்கள். கம்பி எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு சுருதி ஏறும் என்பதை விதியாக்கி, பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1636இலேயே எழுதிவிட்டார். இரண்டு புல்லிகளுக்கு இடையிலுள்ள நீளத்தின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம், ஒரு மீட்டர் பெல்ட்டின் எடை, இவற்றைப் பெருக்கி நாலால் பெருக்கினால் இழுவிசை நியூட்டனில் வந்து நிற்கும். இதற்கென்றே மைக் வைத்த மீட்டர்கள் கடையில் கிடைக்கின்றன. இந்த முறை சரியான விடையைத் தருவதால் இதில் மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை.

கட்டைவிரல் மரபினருக்கு வருவோம். இங்கேதான் புலமை விளையாடுகிறது.

மூலச் சூத்திரம் எளிது. பழைய வி-பெல்ட்டுக்கு, புல்லிக்குப் புல்லி உள்ள தூரத்தில் ஓர் அங்குலத்துக்கு 1/64 அங்குலம் வீதம் பெல்ட் அமுங்க வேண்டும். குறிப்பிட்ட விசையால் அழுத்தும்போது என்பது அதன் பின்பாதி. காலப்போக்கில் பின்பாதி உதிர்ந்து, முன்பாதி மட்டும் வாய்மொழியாக வந்தது. விசை போன இடத்தில் விரல் வந்து உட்கார்ந்தது. யாருடைய விரல்?

உரையாசிரியர்கள் இவ்விடத்தில் பிரிகிறார்கள். வலக்கைக் கட்டைவிரலே என்பது பழைய உரை. 'பெல்ட் இருக்கும் இடுக்கில் வலக்கை நுழையாது. ஆகலின் இடக்கையே' என்பது விருத்தியுரை. மினியின் பெல்ட்டைப் பார்த்தவர்கள் அங்கே எந்தக் கையுமே ஒழுங்காக நுழையாது என்று அறிவார்கள். எனினும் விருத்தியுரைகாரர் காரைப் பார்த்ததாகச் சான்று இல்லை. நகம் வளர்த்தவரின் விரல் செல்லுமா என்ற கேள்வியை எழுப்பி ஒரு மறுப்புரை வந்தது. நகம் கடிப்பவரின் விரல் செல்லும்போது வளர்த்தவரின் விரல் ஏன் செல்லாது என்று மறுப்புக்கு மறுப்பு வந்தது. நான்கையும் எழுதியவர் ஒருவரே. பதவி உயர்வுக்கு நான்கு வெளியீடுகள் வேண்டியிருந்தன.

இதனினும் பெரிது பாடபேதச் சிக்கல். கிரீஸ் படிந்த பணிமனை ஏடொன்றில் அமுங்கும் அளவு '5' என்று ஒரு கட்சியும், '.5' என்று இன்னொரு கட்சியும் படிக்கின்றன. 5க்கு முன்னால் இருப்பது தசமப் புள்ளியா கிரீஸ் கறையா என்பதே வழக்கு. ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதால் பதிப்பாசிரியர்களுக்குப் பிழைப்பு நடந்தது. இங்கே ஒரு புள்ளி இருந்ததாலேயே நடக்கிறது. கறை இடைச்செருகல் என்றும், எஞ்சின் ஆயில் மாற்றும் பருவத்தில் புகுந்தது என்றும், அதன் மணத்தைக் கொண்டு காலம் கணிக்கலாம் என்றும் ஒரு கருத்தரங்க மலரில் கட்டுரை உள்ளது. அதே மலரின் அடுத்த கட்டுரை முந்தையதை மேற்கோள் காட்டுகிறது, முந்தையது அடுத்ததை மேற்கோள் காட்டுகிறது. இரண்டுக்கும் மூலம் கேட்டால், 'மேற்படி' என்று இருக்கிறது.

இவ்வளவுக்கும் இடையில் பெல்ட்டின் கதை வேறு. பெல்ட் எப்போது வழுக்கும் என்பதை ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சூத்திரமாக்கிவிட்டார். இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள விகிதம், உராய்வையும் புல்லியைப் பெல்ட் சுற்றியிருக்கும் கோணத்தையும் பொறுத்தது. உராய்வுக் கெழு 0.5 என்று கொண்டால், அரைச்சுற்று சுற்றியிருக்கும்போது விகிதம் 4.8 வரை தாங்கும். கோணம் 120 பாகையாகச் சுருங்கினால் 2.85தான். சூப்பர்சார்ஜர் உள்ளவர்கள் கூடுதலாக ஓர் ஐட்லர் புல்லி வைத்துப் பெல்ட்டை வளைத்துவிடுவதன் காரணம் இதுவே. இறுக்கத்தைக் கூட்டினால் சூப்பர்சார்ஜரின் முன்பக்க பேரிங் தேயும். சுற்றுக்கோணத்தைக் கூட்டினால் அதைவிடக் குறைந்த செலவில் வேலை முடியும். ஆய்லர் கட்டைவிரலைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. அது அவருடைய ஆய்வின் குறைபாடு.

இறுதியாக, ஆய்வின் முடிவைப் பாதிக்கக்கூடிய சிறு செய்தி ஒன்று. மினி கூப்பர் எஸ்ஸில் பெல்ட் இறுக்கத்தை யாரும் வைப்பதில்லை. ஸ்பிரிங் போட்ட டென்ஷனர் அதை வைக்கிறது. டென்ஷனரை நெம்பி, துளையில் பின்னைச் செருகி, பெல்ட்டை மாட்டி, பின்னை உருவ வேண்டும், அவ்வளவே. ஆக நால்வகை மரபினரும் விவாதித்தது ஒரு ஸ்பிரிங் வாய் திறவாமல் செய்துமுடித்த வேலையைப் பற்றி. இந்த உண்மை பணிமனைக் கையேட்டை எழுதியவர்களுக்குத் தெரியும். ஆய்வாளர்களுக்குத் தெரியாததற்குக் காரணம், கையேட்டை மேற்கோள் காட்டினால் மதிப்பெண் கிடையாது.

மனிதன் தலையிட இடமிருப்பது ஓர் இடத்தில்தான். கூடுதல் வேகம் வேண்டி சூப்பர்சார்ஜர் புல்லியை 15 சதவீதம் சிறிதாக்குகிறவர்கள் பழைய பெல்ட்டையே மாட்டினால் டென்ஷனர் கை தன் பயணத்தின் கடைசிக்குப் போய்விடக்கூடும். பிறகு ஸ்பிரிங்குக்கு இழுக்க இடமில்லை. வேகம் ஏற ஏறப் பெல்ட் வழுக்கும், கீச்சிடும், பூஸ்ட் விழும். மிகக் குட்டையான பெல்ட்டைப் போட்டாலோ மறுகோடியில் முட்டும். கை நடுவாக்கில் நிற்கும்படி பெல்ட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுப்பதே இத்துறையின் முழு அறிவு.

படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் காரில் தண்ணீர் பம்பைச் சுழற்றுவதும் சூப்பர்சார்ஜரே. பெல்ட் அறுந்தால் தண்ணீர் ஓட்டமும் அந்த நொடியே நிற்கும். எந்த மரபைச் சேர்ந்தவராயினும் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆய்வை அதன்பின் தொடரலாம்.