வழியனுப்பு வேன்: மரக்காணக் கரை வழக்கம் குறித்த ஓர் ஆய்வு

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து ஒருவர் சிங்கப்பூருக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் புறப்பட்டால், மீனம்பாக்கம் வரை ஒரு வேன் நிறைய ஆட்கள் கூடவே போவது கண்கூடு. பாசத்தால் போகிறார்கள் என்பது இதுவரை வழங்கிவரும் விளக்கம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. பயணி என்பவர் பட்டணம் பார்ப்பதற்கு வாய்த்த ஒரு முகாந்திரமே என்பது நமது கருதுகோள்.

முதலில் வழக்கத்தின் பழமையை நிறுவிவிடுவோம். பழங்காலக் கிரேக்கக் குறிப்பு சோபட்மா என்று சொல்லும் துறைமுகம் மரக்காணமே என்போர் உண்டு. அப்படியானால் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே பன்னாட்டுப் போக்குவரத்து நடந்திருக்கிறது. அதைவிட முக்கியமான சான்று உமணர். சங்க காலத்து உப்பு வணிகரான இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு வரிசை வரிசையாக வண்டி கட்டிப் போனவர்கள். அச்சு முறிந்தால் மாற்றுவதற்குச் சேம அச்சும் வைத்திருந்தவர்கள். இன்றைய ஸ்டெப்னிக்கு மூலம் அதுவே. சிறுபாணாற்றுப்படையில் உமணர் வண்டிகளோடு ஒரு மந்தியும் வந்து பிள்ளைகளோடு விளையாடுகிறது. அது எதற்கு வந்தது என்று புலவர் விளக்கவில்லை. நம் வேனின் கடைசி சீட்டில் வரும் பக்கத்துத் தெருக்காரரைப் பற்றியும் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இனி வழி. விமானம் நள்ளிரவில், வேன் கிளம்புவது காலை எட்டு மணிக்கு. திண்டிவனம் போய் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிக்கலாம்தான். ஆனால் அதில் தாம்பரம் தாண்டியதுமே விமான நிலையம் வந்துவிடுகிறது. பார்க்க வேண்டிய பட்டணமெல்லாம் அதற்கு அப்பால் கிடக்கிறது. ஆகவே அனுபவசாலிகள் ஈ.சி.ஆரையே பரிந்துரைக்கிறார்கள். மாமல்லபுரம், முட்டுக்காடு, மெரினா, ரங்கநாதன் தெரு எல்லாம் முடித்து, வடக்கே போய்த் தெற்கே திரும்பி மீனம்பாக்கத்தை அடையலாம். ஜி.எஸ்.டி. கட்சியாரோ வண்டலூர் உயிரியல் பூங்காவைக் காட்டி வாதாடுவார்கள். அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. செவ்வாயில் நம்மவர்கள் நெடும்பயணம் கிளம்புவதில்லை என்பதால் வாதம் அடிபடவில்லை.

மிக வலுவான சான்று பருவம். ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் உப்பு வாருதல் வடகிழக்குப் பருவமழையோடு நின்றுவிடும். உப்பு விளையும் கோடையில் கிளம்புகிறவனுக்கு ஒரு காரே அதிகம். அன்றைய கூலியை விட்டு யார் வருவார்? ஐப்பசியில் கிளம்புகிறவனுக்கு ஒரு வேன் போதாது. பாத்தியில் மழைத்தண்ணீர் நிற்பதைப் பார்த்தா பாசம் பெருகும்?

முனைய வாசலில் நடக்கும் சடங்கு தனி நூலாகும் அளவுக்கு விரிவானது. பெட்டி எடை கூடிவிட்டது என்று யாராவது கையால் தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். உடனே பெட்டி திறக்கப்படும். வெளியே வருபவை சட்டைகள். கருவாடு வராது. “சட்ட அங்க கெடைக்கும்டா கண்ணு, நெத்திலி கெடைக்குமா?” என்பது ஆயாவின் வாதம். சிங்கப்பூரில் நெத்திலி தாராளமாகக் கிடைக்கும். அதை ஆயாவிடம் சொல்லும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை.

மத்திய தொழிற்பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துப் பயணியை உள்ளே விடுவார். மற்றவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். இந்த விமான நிலையத்தில் கண்ணாடிகள் விழுந்ததைப் பத்திரிகைகள் வரிசை எண் போட்டே எழுதிய காலம் உண்டு. அக்காலத்திலும் நம்மவர்கள் அங்கேயே புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். 2016இல் மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்கு வந்தபின், பயணி உள்ளே போனதும் இளைஞர் அணி ஆலந்தூர் வரை போய்த் திரும்பும் புது வழக்கமும் சேர்ந்திருக்கிறது. நமது கருதுகோளுக்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

வேன் வாடகை, டோல், மெரினா பஜ்ஜி ஆகிய செலவுகள் யாரைச் சேர்ந்தவை என்பதில் மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. பயணி முதல் மாதச் சம்பளத்தில் அனுப்பிவைப்பார்.