கச்சான்கோதுக் கப்பல்களின் பாய்ச்சல் விதி: ஒரு விசாரணை

பொம்மைச் சேனைகளை நிறுத்திச் சமர் புரியும் பொழுதுபோக்குக்குப் பலரும் ஆதிகிரந்தமாகக் கொள்வது, எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்'. காலாள் ஒரு நகர்வில் ஓரடியும் குதிரை இரண்டடியும் செல்லலாம், தூரத்தை நூல் பிடித்து அளக்க வேண்டும் என்பது அதன் விதி. விதி சொல்வதும் நூல், அளப்பதும் நூல் என்னும் சிலேடை அவ்வாங்கிலேயருக்கு வாய்க்காத பாக்கியம்.

1782 செப்டெம்பர் 3ஆம் திகதி, எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே, பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் 14 போர்க்கப்பல்களோடும் ஆங்கிலத் தளபதி எட்வேட் ஹியூஸ் 12 போர்க்கப்பல்களோடும் பொருத சமரை, அந்த நூல் விதிப்படி, கச்சான் கோதுகளைக் கொண்டு விறாந்தையில் மீண்டும் நடத்த யானும் மைத்துனனும் முற்பட்டபோதுதான், கோதுக்கு முன்புறமான அணியம் எது, பின்புறமான கடையார் எது என்னும் மகா பிரச்சினை எழுந்தது. மூக்குள்ள முனையே அணியம் என்பதில் பேதமில்லை. ஆயின் பிரெஞ்சுப் பட்சத்தானாகிய அவன், அணியத்தில் நூலைத் தொடங்கி, நூல் முடியுமிடத்தில் கடையாரை வைத்தமையால், நகர்வுதோறும் ஒரு கோது நீளம் அவனுக்கு லாபமாயிற்று.

இதனிடையே கச்சான் காற்று வீசி (தின்பதற்கும் காற்றுக்கும் ஒரே பெயர் வைத்த முன்னோரை என்னென்பது!) அவன் கப்பல்கள் மூன்றை என் கதிரைக்கடியில் கொணர்ந்து சேர்த்தது. ஆட்சேபித்தேன்.

"காத்தடிச்சால் கப்பல் ஓடத்தானே செய்யும், அத்தான்?"

பாய்மர யுகத்துப் போருக்கு இது மறுக்கவொண்ணாத வாதம்.

வெடியொன்றைத் தவறாகக் கேட்டால் பாய்ச்சல் குலையும் என்னும் விதிக்கோ சரித்திரமே சாட்சி. கைத்துப்பாக்கி எட்டும் தூரம்வரை நெருங்குக எனக் கொடியேற்றிய சுப்ரேன், அதனை வலியுறுத்த ஒரு வெடி தீர்க்க, அதையே சுடுமாறு இட்ட ஆக்கினையாகக் கொண்ட அவர்தம் பீரங்கியாளர் ஒரு பக்கத்துப் பீரங்கிகளை ஒருசேர முழக்க, ஏனைய கப்பல்களும் தூரத்திலிருந்தே அதனைப் பின்பற்றின. நெருங்க வேண்டிய பாய்ச்சல் குலைந்தது. அந்திக்குள் அவரது 'ஏரோ' கப்பலின் பிரதான பாய்மரமும் சாய்ந்தது.

இந்தப் பிரமாணத்தை நம்பியே, மைத்துனன் இருமியவுடன் யான் பீரங்கிக் குண்டாகிய புளியங்கொட்டையைச் சுண்டினேன். 'ஏரோ' இரண்டாகப் பிளந்தது. அன்று தவறாகக் கேட்டவர்கள் சொந்தப் பீரங்கிக்காரரேயன்றி எதிரிகள் அல்லர் என்று அவன் நியாயமாகவே வாதாடினான். வாதாடிக்கொண்டே, கோதுக்குள் எஞ்சியிருந்த பருப்பிரண்டையும் வாயிற் போட்டுக்கொண்டான். வீழ்ந்த கப்பலின் சரக்கு வென்றவனுக்கே உரியது என்பது என் பட்சம். அவன் இன்னும் மென்றுகொண்டிருந்தான்.