தாள்கட்டின் கனம்

அனிமேஷன் படம் ஒரு நொடி ஓடுவதற்கு 24 சட்டகங்கள் வேண்டும் என்பதும், ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைக்கும் 'டூஸ்' என்னும் சிக்கனத்தைக் கையாண்டாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வரைந்தே தீரவேண்டும் என்பதும் இத்தொழிலின் அரிச்சுவடி. கணினி வந்தால் இந்தக் கணக்கு கரையும் என்று நம்பித் தாளிலிருந்து திரைக்குக் குடிபெயர்ந்த தனித்தொழில் ஓவியர், கணக்கு அப்படியே இருக்க, மேசையிலிருந்த ரப்பர் துகள் மட்டுமே கரைந்திருப்பதைக் காண்கிறார்.

பெரிய நிறுவனங்கள் இம்மாற்றத்தைத் தத்தம் வசதிப்படி செய்துகொண்டன. 1990இல் வெளிவந்த 'தி ரெஸ்கியூவர்ஸ் டவுன் அண்டர்' படத்தில் டிஸ்னி நிறுவனம் வண்ணம் தீட்டும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது. 1969இல் தொடங்கிய ஜப்பானின் 'சசாயே-சான்' தொலைக்காட்சித் தொடரோ, 'செல்' எனப்படும் ஒளி ஊடுருவும் தகட்டின்மேல் வண்ணம் பூசும் வழக்கத்தை 2013 வரை விடவில்லை. தனித்தொழிலாளருக்கு இத்தகைய நிதானம் வாய்ப்பதில்லை. ஓவியப் பிரிவு, கணக்குப் பிரிவு, தேநீர்ப் பிரிவு ஆகிய மூன்றுக்கும் தாமே தலைவராயிருப்பவர், மென்பொருள் வாங்கிய அன்றே கணினிப் பிரிவுக்கும் பொறுப்பேற்கிறார்.

முதல் சோதனை உடம்புக்கு. கை போகுமிடத்துக்குக் கண் போகவேண்டும் என்று நாட்டிய நூலார் விதித்திருக்க, திரையில்லாத வரைபலகையில் கை மேசைமேலும் கண் எதிரேயுள்ள திரையிலுமாகப் பிரிந்து வாழ்கின்றன. அடியில் விளக்கெரியும் கண்ணாடிமேல் தாள்களை அடுக்கி, விரலிடுக்கில் செருகிப் புரட்டி அசைவைச் சோதித்த பழைய வித்தைக்குப் பதிலாக, முந்தைய ஓவியத்தை மங்கலாகக் காட்டும் 'ஆனியன் ஸ்கின்' வசதி வந்திருக்கிறது. பெயர் வெங்காயத்தோலானாலும் கண்ணில் நீர் வரக் காரணம் நெடுநேரம் திரையைப் பார்ப்பதுதான்.

உடம்பு சில மாதங்களில் பழகிவிடும். பழகாதது, தொழிலில் 'பார்ட்டி' என்று வழங்கப்பெறும் வாடிக்கையாளரின் மனம். டூஸ் முறையில் இடைவிடாமல் அசையும் ஒற்றைப் பாத்திரத்தின் 10 நொடிக் காட்சி என்பது 120 தாள். அந்தக் கட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், 'கரெக்‌ஷன்' என்னும் திருத்தத்தைக் கேட்க வாயெடுத்து, கனம் உணர்ந்து, வாயை மூடிக்கொண்டதுண்டு. கணினிக் கோப்புக்குக் கனமில்லை. அதனினும் கேடாக, பாத்திரத்தின் தொப்பியை நீலமாக்கக் கேட்டால், வண்ணப்பட்டியலில் ஒரு கட்டத்தை மாற்றிய மாத்திரத்தில் 120 ஓவியங்களிலும் தொப்பி நீலமாகிவிடுகிறது. இதை வாடிக்கையாளரின் கண்ணெதிரே பெருமையாகச் செய்துகாட்டுவது, தொழிலுக்குப் புதியவர் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் சூனியமாகும். அடுத்த நாளே, அதே விசையை அழுத்தித் தலையையும் மறுபக்கம் திருப்பிவிடும்படி செய்தி வரும். தொப்பியின் நிறம் ஒரு சொடுக்கு, தலையின் திருப்பம் மீண்டும் 120 ஓவியம் என்னும் வேறுபாட்டை விளக்கப் புகுந்தால், "கம்ப்யூட்டர்தானே செய்கிறது?" என்ற வினா பிறக்கும். பென்சிலைப் பார்த்து எவரும் அப்படிக் கேட்டதில்லை.

ஆகவே, டிஜிட்டலுக்கு மாறி ஆண்டுகள் பல கழிந்த பின்னும் ஓவியரின் மேசையில் பழைய தாள்கட்டு ஒன்று கிடந்தால், அதைப் பழம்பெருமை என்று கொள்வது பிழை. கூலி பேசும்போது வாடிக்கையாளரின் மடியில் வைப்பதற்கு உரிய கருவி அது. எஞ்சிய நேரங்களில் திரைக்கு முட்டுக்கொடுக்கிறது.