வில்லிங்டன் பிரபுவும் ஆவடி பிளெக்ஸும்

1919 முதல் 1924 வரை சென்னை மாகாண கவர்னர், வில்லிங்டன் பிரபு. 1910-ல் ‘பாரன்’ பட்டம். சென்னையில் மூட்டை கட்டிய 1924-ல் வைகவுண்ட். 1931-ல் ஏர்ல். வைஸ்ராய் வேலையும் முடிந்த 1936-ல் மார்க்விஸ். நம்ம ஊர் தாலுகா ஆபீசில்கூட யாரும் இவ்வளவு ஒழுங்காக புரமோஷன் வாங்கியதில்லை.

நான்கும் பரம்பரைப் பட்டங்கள். வாங்க பரம்பரைதான் இல்லை. மூத்த மகன் 1914 போரிலேயே போய்விட்டார். இளையவர் இனிகோ மூன்று கல்யாணம் செய்தும் வாரிசு கிடையாது. 1979-ல் அவர் கண்ணை மூடியதும் நான்கு பட்டமும் ஒரே நாளில் காலி.

இங்கே அதற்கு முன்பே கதையை முடித்துவிட்டோம். பட்டம் கூடாது என்றது அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு. 1955 ஜனவரியில் நேரு வந்து உட்கார்ந்த ஆவடி காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது.

அதே ஆவடியில் ஒரு காதுகுத்து பேனரைப் பாருங்கள். தாய்மாமன் ‘வாழும் வள்ளல்’, சித்தப்பா ‘அஞ்சா நெஞ்சன்’. சட்டமீறல் ஒன்றுமில்லை: அரசாங்கம்தான் பட்டம் கொடுக்கக் கூடாது, பிளெக்ஸ் கடைக்காரர் கொடுக்கலாம். ராஜமுத்திரை வேண்டாம், சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு கட்டினால் போதும். வில்லிங்டனுக்கு வந்த வாரிசுச் சிக்கலும் கிடையாது. பேனரின் மூலையில், கூலிங் கிளாஸ் போட்ட மூன்று வயதுப் பொடியன்: ‘குட்டி வள்ளல்’.