தரையடுப்பும் மூன்று குமிழ்களும்: ஒரு முன்னாய்வு

தரையில் இடப்படும் விறகடுப்பு இருவகைப்படும்: ஒற்றையடுப்பு, கொடியடுப்பு. ஒற்றையடுப்புக்கு ஒரு வாய், ஒரு கண். கொடியடுப்புக்கு வாய் ஒன்றே, கண் இரண்டு. முதற்கண்ணில் சோறு கொதிக்க, துளைவழிப் போகும் அனலில் பக்கத்துக் கண்ணில் ரசம் சூடேறும். கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பு மூன்றாம் வகையா, உட்பிரிவா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. சமையல்காரர்கள் இதுபற்றிக் கவலைப்பட்டதற்குச் சான்றும் இல்லை.

இடம்: தென்கிழக்கு மூலை.

மண்: களிமண்ணையோ புற்றுமண்ணையோ சலித்துக் கல் நீக்கி, உமியும் சாணமும் சேர்த்து மிதித்து, ஓரிரவு ஊறவிட வேண்டும். உமி, வெடிப்பைக் குறைக்கும். இட்ட அடுப்பை வெயிலில் காயவைத்தால் விரிசல் விடும். நிழலில்தான் உலர வேண்டும். மீறி விழும் விரிசலை மண்குழம்பால் அடைத்து, சாணமிட்டு மெழுக வேண்டும்.

குமிழ்: ஆய்வுலகம் பிளவுபடும் இடம் இதுவே. பாத்திரத்தைத் தாங்க விளிம்பில் எழும் குமிழ்கள் தாழ்ந்தால் தீ மூச்சு முட்டிப் புகையும். உயர்ந்தால் அனல் வீணாகும். சரியான உயரம் இரண்டு விரற்கடை என்பது மாமியார் மரபு. ஒன்றரை என்பது மருமகள் மரபு. எவர் விரல் என்பதை இரு மரபும் சொல்லவில்லை. மாமியார் மரபின் மூலபாடம் பெரும்பாலும் மருமகளின் முதுகுக்குப் பின்னால் உரைக்கப்பட்டதால் பாடவேறுபாடுகள் மிகுதி. மருமகள் சுவடியில் ‘பானை சாய்ந்தது’ என்றிருப்பது மாமியார் சுவடியில் ‘பானையைச் சாய்த்தாள்’ என்று காணப்படுகிறது. பின்னதே மூலம் என்று நாத்தனார் விருத்தியுரை நிறுவ, அதை ஓரகத்தி மறுப்புரை தகர்க்க, அம்மறுப்பே இடைச்செருகல் என்று அடுத்தவீட்டுக் குறிப்புரை, சுவர்மேல் படலம், முருங்கைக்காய் கேட்கவந்த இயலில் வாதிடுகிறது.

குமிழ் ஏன் மூன்று? முத்தமிழ் என்பர் ஒருசாரார். முப்பால் என்பர் மற்றொருசாரார். மூன்று புள்ளியில் அமர்ந்த பானை ஆடாது. நான்காவது குமிழ் நெல்லளவு பிசகினாலும் ஆடும். இவ்விளக்கம் உடனே புரிந்துவிடுவதால் ஆய்வேடுகள் இதை ஏற்பதில்லை.

இலக்கியச் சான்று: புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்ததைக் குமணனிடம் சொல்கிறார். காளானின் இனம், அடுப்பின் பக்க உயரம், புலவரின் ஊர் எனப் பட்டம் வாங்க இதில் இடமுண்டு. அந்த வீட்டில் அரிசி இல்லை என்பது ஆய்வின் எல்லைக்குள் வராது.

புகை: 1983இல் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அதன்கீழ்ப் பல அடுப்புகளுக்குப் புகைபோக்கி வந்தது. அதில் அடையும் கரியைத் தட்டாவிட்டால் புகை மீண்டும் சமைப்பவர் கண்ணுக்கே திரும்பும். கருத்தரங்கக் கூடங்களில் இச்சிக்கல் எழுவதில்லை.

பற்றவைத்தல்: முதல்நாள் சிறுதீயே போதும், ஈரம் மெல்ல வற்ற வேண்டும். சுள்ளி நமுத்திருந்தால் அடுப்பைப் பற்றிய ஆய்வேடு ஒன்றைக் கிழித்து வைக்கலாம். முன்னுரையிலிருந்து தொடங்குவது நல்லது. அதுதான் நன்றாகக் காய்ந்திருக்கும்.