புலி வருசமும் மூல நட்சத்திரமும்

ஏ தங்கச்சி, சிங்கப்பூர்ல இருந்து உன் மகன், என் மருமகன், கட்டிக்கப் போறேன்னு அனுப்புன பொண்ணு போட்டோவைப் பாத்துட்டுக் கப்பலூர் முழுக்க ஒப்பாரி வச்சியாமே? மூக்கு சப்பையாம், கண்ணு கோடு போட்டாப்புல இருக்காம். நம்ம டோல்கேட்டுல உள்ளூர் வண்டி எது, வெளியூர் வண்டி எதுன்னு இத்தனை வருசமாச் சண்டை ஓயல. நீ மூக்கைப் பாத்தே ஊரைச் சொல்லிப்புட்ட. உன்னை அங்க உக்கார வச்சா வரிசையே நிக்காது.

நானும் விசாரிச்சேன். அந்தச் சீன ரத்தம் அவ அம்மாச்சியோடது. 1950-ல பிறந்தவுக. சீனாக்காரக கணக்குல அது புலி வருசம். புலி வருசத்துப் பொம்பளப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாதுன்னு அவுகள்ல பல பேருக்குப் பயம். வறுமை வேற. அதனால அந்த அம்மாச்சி மாதிரித் தூக்கிக் குடுத்த பிள்ளைகளை மலாயாவுலயும் சிங்கப்பூர்லயும் நம்ம தமிழ்க் குடும்பங்க வாங்கி, காது குத்தி, தமிழ்ப் பேரு வச்சு வளத்துச்சு. தெரசா தேவசகாயம்னு ஒரு அம்மா சிங்கப்பூர்ல இந்தப் பிள்ளைகளைப் பத்திப் புத்தகமே எழுதியிருக்காக. அதுகள்ல பல பேருக்குச் சீனத்துல ஒரு வார்த்தை வராது. கோவம் வந்தா தமிழ்லதான் வையும்.

புலி வருசமாம்னு சிரிக்கிறியா? சிரி, சிரி. உனக்கு மூல நட்சத்திரம்னு தெரிஞ்சதும் திருமங்கலத்து மாப்பிள்ளை வீட்டாளுக காப்பித் தண்ணியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாக. அன்னைக்கு நம்ம அய்யா உன்னை யாருக்கும் தூக்கிக் குடுக்காததுக்குக் காரணம், வாங்கிக்க ஆள் வரல, அம்புட்டுத்தான்.

சாதி சனம் என்ன சொல்லும்ங்கிற. டி.எம்.சௌந்தரராஜன் நம்ம மதுரைக்காரரு. வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். அவரு தமிழ் உச்சரிப்புக்கு முன்னால நீயும் நானும் வாயத் தொறக்க முடியுமா? நேத்து நீ வச்சியே பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு, அந்தக் காய் பேருலேயே பரங்கிக்காரன் உக்காந்திருக்கான். ரெண்டு தடவ வாங்கி ஊத்துனப்ப உனக்குத் தெரியலயா?

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். காலையில அந்த அம்மாச்சிகூட வீடியோவுல பேசுனேன். சிவப்புக் கண்டாங்கி, நெத்தி நிறைய துண்ணூறு. குலசாமி எது, கருப்பசாமிக்குக் கெடா எப்ப வெட்டுவீகன்னு வரிசையாக் கேட்டாக. நானும் தெம்பாப் பதில் சொல்லிக்கிட்டே வந்தேன். கடைசியா, "அண்ணே, எங்க பேத்தி பள்ளிக்கூடத்துல முறையாத் தமிழ் படிச்சவ. உங்க மருமகன் அனுப்புறதெல்லாம் இங்கிலீசு எழுத்துலயே வருது. பையனுக்குத் தமிழ் எழுதப் படிக்க வருமா?"ன்னு கேட்டாக.

சிக்னல் இல்லன்னு சொல்லிப் போனை வச்சுட்டேன்.