கால் போய்ச் சேரும்போது பந்து எங்கே?

கே: கால்பந்தில் நான் டேக்கிள் செய்யப் போனால் ஆள்தான் விழுகிறார், பந்து தப்பிவிடுகிறது. தேர்ந்த டிஃபெண்டர் போனால் பந்து மட்டும் அவரிடம் வந்துவிடுகிறது. அவர் கண்ணில் அளவுகோல் வைத்திருக்கிறாரா?

ப: அளவுகோல் உங்களிடமும் இருக்கிறது. அவரிடம் கூடுதலாக ஒரு கடிகாரம் இருக்கிறது. பந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதைப் புதியவரும் சுமாராகச் சொல்லிவிடுவார். ஆனால் கண்ட பிறகு கால் அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். எதிராளி விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வந்தால், அதற்குள் 1.4 மீட்டர் கடந்திருப்பார். நீங்கள் பந்து இருந்த இடத்துக்குக் காலை அனுப்புகிறீர்கள். அங்கே இப்போது இருப்பது அவருடைய கணுக்கால். நடுவர் விசிலை எடுக்கிறார். தேர்ந்தவரோ தன் கால் போய்ச் சேரும் நேரத்தில் பந்து எங்கே இருக்கும் என்று கணக்கிடுகிறார். எதிராளி ஒருமுறை தட்டியதற்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவே பந்து யாருக்கும் கட்டுப்படாமல் உருளும் கணம்தான் அவருடைய குறி. அதை முன்கூட்டி அறிய எங்கே பார்ப்பது? மார்க் வில்லியம்ஸும் கீத் டேவிட்ஸும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும் கட்டங்களில் அனுபவசாலிகளின் பார்வை எதிராளியின் இடுப்பில் அதிக நேரம் தங்கியது. கால் எப்படி வேண்டுமானாலும் போக்குக் காட்டும். உடம்பின் பாரம் திரும்பாமல் இடுப்பு திரும்பாது.

கே: இத்தனை கணக்கு எதற்கு? ஓட்டத்தில் வேகம் இருந்தால் போதாதா?

ப: இங்கிலாந்தின் பாபி மூர் வேகத்துக்குப் பேர்போனவர் அல்ல. ஆனால் 1970 உலகக் கோப்பையில், குவாடலஹாராவில், பிரேசிலின் ஜெய்ர்சினோவிடமிருந்து அவர் பந்தைப் பறித்த விதம் இன்றும் பேசப்படுகிறது. பாய்ந்து போய் மோதாமல் பின்வாங்கிக்கொண்டே இருந்தார். பின்வாங்கினால் இருவருக்கும் இடையே தூரம் குறையும் வேகம் மட்டுப்படும். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். பாய்கிறவர் கடினமான கணக்கைத் தானே வரவழைத்துக்கொண்டு, அதில் தோற்றும் போகிறார். ‘திறமைசாலிகளும் தப்பாகப் போகிறார்களே’ என்று அடுத்து கேட்பீர்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் பால் ஸ்கோல்ஸ் பந்து கடத்துவதில் மன்னராக இருந்தவர். டேக்கிள் என்றால் நடுவருக்கே நடுக்கம். பந்து கடத்தும்போது நேரத்தைத் தேர்ந்தெடுப்பது அவர்; டேக்கிளில் அதைத் தேர்ந்தெடுப்பது எதிராளி. ஒன்றில் பழகிய கடிகாரம் மற்றதில் ஓடுவதில்லை. 1999 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் வாங்கிய மஞ்சள் அட்டையால் தடை விழுந்து, இறுதிப்போட்டியன்று அவருக்குச் சீருடைக்குப் பதில் கோட்டும் டையும்தான்.